கத்தினால் கேட்காது!

காது கேளாமையை அவரவர் காதின் பிரச்னை என்று ஒதுக்கிவிட்டோம். பேச்சு புரியாமல் போவதில் பேசுகிறவருக்கும், அறைக்கும், அலுவலகத்துக்கும் இருக்கும் பங்கு பெரிது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவோ சொற்பம்.

நவம்பர் மாதத்து முற்பகல். உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வந்த ஓய்வூதியர்களால் வங்கிக் கிளை நிரம்பியிருக்கிறது. எழுபதைத் தாண்டிய ஒருவர் கவுன்ட்டரின் கண்ணாடி முன் நிற்கிறார். தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் பாஸ்புக் பிரின்டரின் கரகரப்பு, பின்னால் டோக்கன் எண்ணை அறிவிக்கும் ஸ்பீக்கர். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஊழியர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே எதையோ கேட்கிறார். "என்ன சார்?" என்கிறார் பெரியவர். அதே வாக்கியம், திரையைப் பார்த்தபடியே, இன்னும் உரக்க வருகிறது. "ஆங்?" மூன்றாவது முறை ஊழியர் எழுந்து நின்று கத்துகிறார்: "நாமினியா உங்க பையன் பேரையே போட்டுரலாமான்னு கேட்டேன்!" வரிசையே திரும்பிப் பார்க்கிறது. பெரியவர் லேசாகச் சிரித்துத் தலையாட்டுகிறார். படிவம் நகர்கிறது. விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து விழுகிறது.

இந்தக் காட்சியை எந்த ஊர்க் கிளையிலும் பார்க்கலாம். மருத்துவமனை ஓ.பி.யில், தாலுகா அலுவலகத்தில், வீட்டு ஹாலில் சின்னச் சின்ன மாற்றங்களுடன் இது தினமும் நடக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: பெரியவருக்குக் காது கேட்கவில்லை. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஊழியரின் முகம் திரும்பியிருந்தது, நடுவில் கண்ணாடி இருந்தது, மூன்று விதமான இரைச்சல் இருந்தது, புரியாத வாக்கியமே மூன்று முறை வந்தது. பெரியவரின் காதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் மாற்றியிருக்கலாம். நாமோ மாற்ற முடியாத ஒன்றை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, மாற்றக்கூடியதை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

சத்தம் வேறு, தெளிவு வேறு

வயதானவர்கள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல." இதைச் சாக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால், வயதால் வரும் செவித்திறன் குறைவை இதைவிடத் துல்லியமாக விவரிக்க முடியாது. இந்தக் குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளில்தான் முதலில் தொடங்குகிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், வலுவாக ஒலிப்பவை; ச, த, ட, ப போன்ற மெய்கள் மெலிதாக, நொடியில் ஒரு துளி நேரமே ஒலித்து மறைபவை, அவற்றின் அடையாளமோ பெரிதும் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. காலை, சாலை, பாலை, மாலை என்ற நான்கு சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றேதான். பொருளைப் பிரிப்பது முதல் மெய் மட்டும். அது காதில் விழாதவருக்கு யாரோ பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது.

கத்தும்போது நாம் வலுப்படுத்துவது பெரிதும் உயிரொலியைத்தான். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் பெரிதாகக் கேட்கிறது. கேட்காத மெய், அந்த அளவுக்கு உயர்வதில்லை. மங்கலான ஜெராக்ஸைப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகும், மங்கல் போகாது. போதாததற்கு, கத்துகிற வாயின் வடிவமும் மாறிவிடுகிறது. முகத்தில் கோபம் ஏறிவிடுகிறது. கேட்பவர் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, எதற்காகத் திட்டுகிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

இன்னொரு சிக்கல் உட்காதில் இருக்கிறது. பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அழிந்தால் மீண்டும் முளைக்காதவை. இவற்றில் ஒரு வகை, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகிறது. அவை அழியும்போது மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது. உரத்த ஒலியோ முன்போலவே முழு வேகத்தில் தாக்குகிறது. கேட்கும் அளவுக்கும் தாங்கும் அளவுக்கும் இடையிலான வெளி குறுகிவிடுகிறது. மெதுவாகப் பேசினால் "ஆங்?" என்பவர், சற்றுக் குரலை உயர்த்தியதும் "ஏன் இப்படிக் கத்துற?" என்று சீறுவது இதனால்தான். வீட்டில் இதை வீம்பு என்கிறோம்.

அப்படியானால் எது உதவும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிச்சனி, டர்லாக், பிரைடா ஆகிய மூவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தந்தது. ஒரே ஆட்களை வழக்கமான பேச்சிலும், ஒவ்வொரு ஒலியையும் திருத்தமாக உச்சரித்தும் பேசவைத்து, செவித்திறன் குறைந்தவர்களைக் கேட்கச் செய்தார்கள். திருத்தமான பேச்சில் புரிந்த சொற்களின் அளவு சராசரியாக 17 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஒலியின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த ஆதாயம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எந்தக் கருவியும் வாங்காமல், பேசுகிறவரின் நாக்கும் உதடும் மட்டுமே தந்த பலன் இது.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

■ உலகில் ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் 150 கோடிக்கும் அதிகம். சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுபவர்கள் சுமார் 43 கோடி. 2050-ல் இது 70 கோடியைத் தாண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை.

■ காதொலிக் கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பயன்படுத்துபவர்கள் 17 சதவீதம் மட்டுமே.

■ இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறையுடையோராகப் பதிவானவர்கள் சுமார் 50.7 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஒட்டி மத்திய அரசின் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் குறிப்பிடும் எண்ணிக்கை 6.3 கோடி.

■ நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே உலக சுகாதார நிறுவனம் அதை முடக்கும் குறைபாடாகக் கருதுகிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரையறை, இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

காதின் பாதி வேலை கண்ணுக்கு

பெட்டியின் கடைசிக் குறிப்பைக் கவனியுங்கள். 35-க்கும் 60-க்கும் இடைப்பட்டவர்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள். அடையாள அட்டை இல்லை, சலுகை இல்லை. அக்கம்பக்கத்தாரின் பார்வையில் "கொஞ்சம் காது மந்தம்", அவ்வளவுதான். செவித்திறன் குறைந்த முதியவர்களில் பலர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாணை எதுவும் வந்து உதவப்போவதில்லை; எதிரில் நின்று பேசுகிறவரின் பழக்கம் மட்டுமே உதவும். அந்தப் பழக்கத்தின் முதல் பாடம், முகத்தைக் காட்டுவது.

இரைச்சல் கூடக் கூட, பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவியும் கூடுகிறது என்பதை 1954-லேயே சம்பி, போலக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள்: ஓர் ஒலியைக் கேட்கவைத்து, வேறோர் ஒலியைச் சொல்லும் உதடுகளைக் காட்டினால், நல்ல காது உள்ளவரும் இரண்டும் அல்லாத மூன்றாவது ஒலியைக் கேட்கிறார். மூளை பேச்சைக் காதால் மட்டும் வாங்குவதில்லை என்பதற்கு இது சான்று. கொரோனா காலத்தில் இந்தப் பாடத்தை உலகமே படித்தது. 2020-ல் நடந்த ஓர் அளவீட்டின்படி சாதாரண மருத்துவ முகக்கவசம் உயர் அதிர்வெண் ஒலிகளை 3 முதல் 4 டெசிபல் வரையும், என்-95 கவசம் சுமார் 12 டெசிபல் வரையும் மட்டுப்படுத்தியது. உதடும் மறைந்தது, மெய்யொலியும் மங்கியது. அதுவரை சமாளித்து வந்த பலர், தமக்குக் காது கேட்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள்.

அதற்காக, உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. தமிழில் ப-வும் ம-வும் உதட்டில் ஒரே அசைவு. மருந்தும் பருந்தும், மல்லியும் பல்லியும், மணமும் பணமும் பார்வைக்கு ஒன்றே. க, ண, ள, ற போன்றவை வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. உதடு பாதிக் குறிப்புத் தரும், காது மீதிக் குறிப்புத் தரும். இரண்டையும் சேர்த்து, பேச்சின் விஷயம் என்ன என்ற ஊகத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார் கேட்பவர். ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது பெரிய உதவி. "நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறதப் பத்தி" என்று தொடங்கினால், அடுத்து வரும் வண்டி, நேரம், புடவை எல்லாம் பாதிக்கு மேல் தானே பிடிபடும். ஒரு முறை சொல்லிப் புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்வதில் பயனில்லை. "எத்தன மணிக்கு வண்டி எடுக்கணும்?" என்பது விழவில்லையா, "கார் எப்போ கெளம்புது?" என்று சொல்லை மாற்றிப் பார்க்கலாம்.

தொலைவுக்கும் கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. சமையலறையிலிருந்து கூவுவதைவிட நாலடி நடந்து வந்து பேசுவது பலன் தருவது இதனால்தான். டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி, சீரியல் என்று நம் வீடுகளே எதிரொலிக்கும் பெட்டிகள். டிவியின் ஒலியைக் குறைப்பதே பாதிப் பேச்சைக் கேட்கவைத்துவிடும். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ச போன்ற மெய்களின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. நேரில் பேசினால் சமாளிப்பவர் போனில் தடுமாறுவது இதனால். வீடியோ அழைப்பு முகத்தையும் சேர்த்துத் தருகிறது.

தலையாட்டலின் விலை

இரண்டு முறை "என்ன?" என்று கேட்டவர் மூன்றாவது முறை கேட்பதில்லை. சிரித்துத் தலையாட்டுவார். கேலியிலிருந்தும், எதிரில் இருப்பவரின் சலிப்பிலிருந்தும் தப்பிக்க அவர் கற்றுக்கொண்ட வழி அது. ஆனால் நம் நிர்வாகமும் மருத்துவமும் தலையாட்டலைச் சம்மதமாகவே பதிவுசெய்கின்றன. "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரி பாதி" என்று சொல்லப்பட்ட மாத்திரை எப்படி விழுங்கப்படுகிறது? இருபது, அறுபது, எழுபது ஆகிய மூன்றும் ஒரே வாலோடு முடிகின்றன. இன்சுலின் அளவில் அந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 20 மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், கேட்பதிலோ பேசுவதிலோ தடை இருந்த நோயாளிகளுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்பு நேரும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் மூன்று மடங்காக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில், தானப் பத்திரத்துக்கும் செட்டில்மென்டுக்கும் "முழு மனதோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்கப்படும் கேள்விக்குக் கிடைக்கும் தலையாட்டலும் இதே ரகம். அங்கே கைமாறுவது வீடு.

அடுத்த விலை மதிப்பு. மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகனிடம், "இவங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று கேட்கிறார். வசதிக்காகத்தான் கேட்கிறார். ஆனால் அந்த ஒரு திருப்பத்தில், தன் உடம்பைப் பற்றித் தானே பேசும் உரிமையை அந்த அம்மா இழக்கிறார். வீட்டிலும் அப்படியே. எல்லோரும் சிரிக்கிறார்கள், "என்னடா?" என்று கேட்கிறார் தாத்தா, "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்கிறான் பேரன். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. இப்படிச் சில வருடங்கள் போனால், அவர் ஹாலை விட்டு உள்ளறைக்கு நகர்ந்துவிடுகிறார். விசேஷ வீடுகளுக்கு வருவதைத் தவிர்க்கிறார். வயதாகிவிட்டது, ஒதுங்கி இருக்கிறார் என்று நாம் பொருள் கொள்கிறோம்.

ஒதுங்குவது மூளைக்கும் நல்லதல்ல. மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, 2020-லும் 2024-லும் வெளியிட்ட அறிக்கைகளில், நம்மால் மாற்றக்கூடிய காரணிகளில் நடுவயதுச் செவித்திறன் இழப்பை முன்வரிசையில் வைத்தது. இதைப் பயமுறுத்தலாக்கக் கூடாது. காது கேட்காத எல்லோருக்கும் மறதி வரும் என்பதல்ல இதன் பொருள். 2023-ல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடந்த பரிசோதனை முடிவு இதில் நிதானம் கற்றுத்தருகிறது. காதொலிக் கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களை மற்றவர்களோடு மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டபோது, மொத்தமாகப் பார்த்தால் நினைவுத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே மறதிக்கான ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த பிரிவினரிடம் சரிவின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. தனிமையைக் குறைக்கும் எதற்கும் மதிப்பு உண்டு என்று நம்ப இதுவே போதும்.

பெட்டிச் செய்தி: பேசும்போது

■ பேசும் முன் கவனத்தைத் திருப்புங்கள். பெயர் சொல்லுங்கள், கையசையுங்கள், தோளில் மெல்லத் தொடுங்கள்.

■ வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நில்லுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் உங்கள் முகம் வெறும் நிழல்தான்.

■ இரண்டு கை நீளத் தூரம் போதும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு, அந்தப் பக்கம் உட்காருங்கள்.

■ வழக்கமான குரலில், சொற்களை விழுங்காமல், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசுங்கள். எழுத்தெழுத்தாக இழுக்க வேண்டாம். அது உதட்டசைவைக் குலைக்கும்.

■ தேதி, நேரம், தொகை, மருந்தின் அளவு ஆகியவற்றை எழுதிக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு விரலும் மாத்திரை அட்டையும் போதும்.

■ "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்; "ஆமா" என்றுதான் பதில் வரும். "எப்படிச் சாப்பிடணும், நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள்.

■ கூட்டமாக இருக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவினால் அதைச் சொல்லிவிடுங்கள்.

"அதான் மெஷின் வாங்கியாச்சே!"

இவ்வளவு சொன்னாலும் எழும் முதல் ஆட்சேபம் இது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கிய பிறகும் நாம் எதற்கு மாற வேண்டும்? கருவி ஒலியைப் பெருக்கும். அழிந்த செல்களைத் திருப்பித் தராது. அமைதியான அறையில், எதிரெதிரே இருவர் பேசும்போது அது நன்றாக உழைக்கும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், பந்திச் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும். நவீனக் கருவிகள் முன்னால் இருந்து வரும் குரலுக்கு முன்னுரிமை தரும்; அதற்கும் பேசுகிறவர் முன்னால், அருகில் இருந்தாக வேண்டும். சொல்லப்போனால், மெஷின் வாங்கி இரண்டே மாதத்தில் மேசை இழுப்பறைக்குள் போவதற்கு ஒரு காரணம், அதை மாட்டிய பிறகு வீட்டில் வேறு எதுவும் மாறாததுதான்.

இரண்டாவது ஆட்சேபம்: "அவருக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்." தன்னைப் பற்றிய பேச்சு காதில் விழுகிறது, வேலை சொன்னால் விழவில்லை என்பது நம் வீடுகளின் நிரந்தரக் குற்றச்சாட்டு. ஆனால் காலையில் அமைதியான நேரத்தில் தாழ்ந்த குரலுடைய ஓர் ஆண் பேசியது விழுவதும், மாலையில் குக்கர் விசிலுக்கு நடுவே குழந்தையின் மெல்லிய குரல் விழாததும் ஒலியியலின்படி நடக்க வேண்டியவைதான். பழகிய பெயர்களும் பழகிய விஷயங்களும் ஊகத்துக்கு எளிதில் அகப்படும். புதிய செய்தி அகப்படாது. நாள் முழுக்க விட்டுப்போன சொற்களை ஊகித்து நிரப்புவது களைப்பான வேலை. மாலைக்குள் மூளை ஓய்ந்துவிடுகிறது. நடிக்கிறவர்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடிப்பு என்று முடிவுகட்டும் முன் இவ்வளவையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்குத்தான் கனம் அதிகம்: "நேரம் எங்கே இருக்கிறது?" ஒரு நாளில் நூறு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரும், நீண்ட வரிசையைச் சமாளிக்கும் ஊழியரும் கேட்பது நியாயமே. திருத்தமான பேச்சு மெதுவானதுதான். 1985 ஆய்வைத் தொடர்ந்து வந்த அளவீடுகள் வழக்கமான வேகத்தில் அது ஏறக்குறையப் பாதி என்றே காட்டின. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான வேகத்திலேயே தெளிவாகப் பேச முடியும் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. அதைவிட முக்கியம், ஒரே கேள்வியை நான்கு முறை கத்துவதற்கு ஆகும் நேரத்தையும், தவறாக நிரப்பிய படிவத்துக்காக அவர் மறுபடி வந்து நிற்பதையும், தவறாக விழுங்கிய மாத்திரைக்காக மறுபடி சேர்க்கப்படுவதையும் கணக்கில் சேர்த்தால், நேரம் எங்கே விரயமாகிறது என்பது தெரிந்துவிடும்.

சைகை பேசிய தீவு

பிறவியிலேயே, அல்லது மொழி கற்கும் முன்பே செவித்திறனை இழந்தவர்களின் தேவை வேறு. தாய்மொழியாகவே சைகை மொழியைக் கொண்ட அவர்களிடம் தெளிவாகத் தமிழ் பேசுவது பெரிதாக உதவாது. எழுதிக் காட்டுவதும் எல்லோருக்கும் கைகொடுக்காது. எழுத்துத் தமிழ் அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. 1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி உதட்டுப் பேச்சையே கற்பிக்கத் தீர்மானித்தது. அதே மாநாட்டு வரிசையின் 2010 வான்கூவர் கூட்டம் அதற்கு வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. இந்தியாவில் 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் செவித்திறன் அற்ற வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு முன்னிலையானார். மொழிபெயர்ப்பாளர் வந்ததும் தடை விலகியது. காது அப்படியேதான் இருந்தது.

இதை ஒரு ஊரே நிரூபித்திருக்கிறது. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் சில்மார்க் என்ற ஊரில், 19-ம் நூற்றாண்டில் மரபுவழிக் காரணத்தால் 25 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். மானிடவியலாளர் நோரா எலன் குரோஸ் 1985-ல் எழுதிய நூல் அந்த ஊரின் வாழ்க்கையை விவரிக்கிறது. அங்கே காது கேட்பவர்களும் சிறு வயதிலேயே சைகை கற்றார்கள். கடை, மீன்பிடிப் படகு, ஊர்க் கூட்டம் எங்கும் இரு மொழிகளும் புழங்கின. காது கேளாதவர்கள் மற்றவர்களைப்போலவே தொழில் செய்தார்கள், மணந்தார்கள், ஊர்ப் பொறுப்புகளை ஏற்றார்கள். சிறு தீவில் சாத்தியமானது எட்டுக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் நடக்குமா என்று கேட்கலாம். எல்லோரும் சைகை கற்கப்போவதில்லை. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மகளிர் காவல் நிலையமும், தேவைப்பட்ட சில நிமிடங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் அழைக்கும் ஏற்பாட்டைச் செய்ய முடியும். கைப்பேசி இருக்கிறது, ஏற்பாடுதான் இல்லை.

கவுன்ட்டரின் இந்தப் பக்கம்

தனி மனிதர்களின் நல்ல மனசை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. அலுவலகங்களுக்கு விதி வேண்டும். டோக்கன் எண் ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்காமல் திரையிலும் தெரிய வேண்டும். கண்ணாடித் தடுப்பு உள்ள ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒரு சிலேட்டோ, பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் செயலியுள்ள டேப்லெட்டோ இருக்க வேண்டும். போன் அழைப்பால் மட்டுமே முடியும் சரிபார்ப்புகளுக்குக் குறுஞ்செய்தி வழியும் வேண்டும். அரசுக் காணொளிகளுக்குத் தமிழ் வசனவரி கட்டாயமாக வேண்டும். மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் வசனவரியும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016 சட்டத்தின் 42-ம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. செவிலியர், வங்கி ஊழியர், நடத்துநர் பயிற்சிகளில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். சம்மதம் பெறும் இடங்களில் மட்டும் ஒரு கண்டிப்பு தேவை: தலையாட்டலைப் பதிலாக ஏற்கக் கூடாது; சொன்னதை அவர் வாயாலோ, எழுத்தாலோ, சைகையாலோ திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்து.

இது சிலருக்கான சலுகை என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஓர் எண். மக்கள்தொகைக் கணிப்புகளின்படி 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும். உலக அளவில் அந்த வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மேல் முடக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைகிறது. இன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறவர்களில் பலர், இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளில் இந்தப் பக்கம் வரிசையில் நிற்பார்கள். அப்போது தங்களுக்கு எப்படிப்பட்ட கவுன்ட்டர் வேண்டும் என்பதை அவர்கள் இப்போதே தீர்மானித்துக்கொள்ளலாம்.